சாரம்மா வீட்டு மாடி

பாறையடியில் போய் ராஜராஜேஸ்வரி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சாரம்மா வீடு என்றால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். கணவர் குமரகுருபரன் ஆழ்வார்குறிச்சியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் சார், அவர் வீட்டுக்காரி சாரம்மா. வெளியூர்க்காரர் வழி கேட்டால் இன்னொரு அடையாளமும் சொல்லி அனுப்புவார்கள். தெருவில் எந்த வாசல் எந்நேரமும் ஈரமாக இருக்கிறதோ அதுதான் வீடு.

சுத்தம் என்றால் நம் வீடுகளில் இருக்கிற மாதிரிச் சுத்தம் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எடுக்கும்போது இன்னொரு தடவை கழுவுவாள். கொடியில் காய்ந்த துணியை உதறாமல் மடிக்கமாட்டாள். முக்கில் டீக்கடை வைத்திருக்கும் நேசையா, "சாரம்மா வீட்டுக்குள்ள ஈ போகணும்னாலும் வாசல்ல காலைக் கழுவிட்டுத்தான் போகணும்" என்று சொல்லிச் சொல்லி அது ஊர்ப் பேச்சாகிவிட்டது. அவள் காதுக்கும் வந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. உள்ளூரப் பெருமைதான்.

பிறந்த வீடு நாங்குநேரிப் பக்கம். ஒரு காலத்தில் நஞ்சை புஞ்சை என்று இருந்த சைவக் குடும்பம், அவள் பிறக்கும்போது பாகப் பிரிவினையில் எல்லாம் கரைந்து வீடு மட்டும் மிஞ்சியிருந்தது. நிலம் போனாலும் மூன்று சங்கதிகள் அவர்களை விட்டுப் போகவில்லை: சுத்தம், ஆசாரம், வீட்டுக்கு வந்தவர் ஒரு குறையும் சொல்லிவிடக்கூடாது என்கிற வீம்பு. மூன்றையும் சீராகக் கொண்டுதான் அவள் பாறையடிக்கு வந்தாள். அந்த மூன்றாவதுதான் பின்னால் அவளைக் கவிழ்த்தது.

ஊருக்கு மேற்கே சிமெண்டு ஆலை இருக்கிறது. மகள் சித்ரலேகா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் வந்தது. வந்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. கார் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஊருக்கு மாதச் சம்பளம் என்பது சாமி கொடுத்த வரம். வீட்டுக்கு ஒருவராவது உள்ளே வேலைக்குப் போனார்கள். பிறகுதான் வாழை இலை வெளுக்க ஆரம்பித்தது. தென்னையின் பச்சையும் மங்கியது. ஆனி, ஆடியில் மேல்காற்று கிளம்பிவிட்டால் ஆலையின் மாவு முழுக்க ஊருக்குள் வந்து இறங்கும்.

சாதாரணத் தூசியாக இருந்தால் தண்ணீர் தெளித்தால் அடங்கிவிடும். சிமெண்டுத் தூசி அப்படி இல்லை. கூட்டாமல் தண்ணீர் தெளித்துவிட்டால் அது இறுகிப்போய், வாசலைத் தோசைக் கரண்டியால் சுரண்ட வேண்டியிருக்கும். அந்தப் பாடத்தைச் சாரம்மா ஒரே வாரத்தில் படித்துவிட்டாள். முதலில் பூந்துடைப்பத்தால் பைய ஒற்றி எடுக்க வேண்டும், பிறகு வாரியல், அதன் பிறகுதான் தண்ணீர். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, விளக்கு வைக்குமுன் ஒரு தடவை. ஊரில் மற்றவர்கள் எல்லாம் தூசியோடு சமாதானமாகிவிட்டார்கள். அவள் ஒருத்தி மட்டும் விடாமல் மல்லுக்கு நின்றாள்.

அதற்குக் காரணம் இருந்தது. சாருக்கு நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. வேலையில் இருக்கும்போதே லேசாக இழுப்பு உண்டு. ஓய்வு பெற்று முழுநேரமும் வீட்டோடு ஆனபிறகு அது அவரைப் பிடித்துக்கொண்டது. "சாக்பீஸ்கிட்ட தப்பிச்சு சிமெண்டுகிட்ட மாட்டிக்கிட்டேன்" என்று அவரே சிரிப்பார். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிடும். மடியில் எப்போதும் மருந்துப் பம்பு ஒன்று வைத்திருப்பார். அறைக்குள் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மாடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்குவார்.

அந்த மாடியை அவள் கோட்டை மாதிரி கட்டிக் காத்தாள். மேற்குப் பக்கம் கைப்பிடிச் சுவர்மேல் மூங்கில் நட்டு, அரிசிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்துத் திரையாகக் கட்டினாள். அந்தச் சாக்கு எப்போதும் ஈரமாக இருக்கும்படி குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிப்போய் ஊற்றினாள். காற்று ஈரச் சாக்கில் பட்டு, மாவை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வரும். தரையையும் கழுவி ஈரமாக வைத்திருப்பாள். பாளையங்கோட்டை டாக்டர் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார். மாத்திரையைவிட உங்கள் சாக்குதான் அவரைக் காப்பாற்றுகிறது என்று வாய்விட்டே சொன்னார். இன்னொன்றும் சொன்னார். இப்போது இருக்கிற தூசியோடு எப்படியோ ஓட்டிவிடலாம், இதற்குமேல் கூடினால் அவர் நெஞ்சு தாங்காது என்றார்.

வேறு ஊருக்குப் போய்விட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். ஆலைக்குப் பக்கத்து வீட்டை வாங்க எவன் வருவான்? மகள் வண்ணார்பேட்டையில் கடைகளுக்கு மேலே ஒரு சின்ன வீட்டில் குடியிருக்கிறாள். சாரை அங்கே கூட்டிப்போய் வைத்துப் பார்த்தார்கள். கீழே இரவு பகலாக பஸ் புகை. மூச்சு இன்னும் மோசமாகி, வீட்டுக்கே கொண்டுபோய் விடு என்று அவரே கெஞ்சித் திரும்பி வந்தார்.

இந்த நிலையில்தான் ஆலையை இரண்டு மடங்காக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. இப்போதிருப்பதைப் போல் இன்னொன்று, அதுவும் ஊரை ஒட்டி. சாரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சார்தான் தைரியம் சொன்னார். நினைத்தபடிக் கட்டிவிட முடியாது, அரசாங்கம் அனுமதி கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் ஊர்க் காற்றில் எவ்வளவு தூசி என்று அளக்க வேண்டும், அளவு ஏற்கெனவே கூடுதலாக இருந்தால் அனுமதி கிடைப்பது கஷ்டம் என்று பாடம் நடத்துகிற மாதிரி விளக்கினார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். இத்தனை வருஷமாக இருமலையும் சாக்கையும் தவிர அவர்களுக்குச் சாட்சி கிடையாது. இப்போது ஒரு எந்திரமே வந்து சாட்சி சொல்லப் போகிறது.

அளக்கிற வேலைக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் பொறுப்பு கொடுத்திருந்தார்கள். அவர்கள் ஆளாக வந்தவன் பூதலிங்கம், நாகர்கோவில் பக்கத்துக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும். எந்திரத்தை வைக்க உயரமான இடம் வேண்டும், ஏற படிக்கட்டு வேண்டும், மின்சாரம் வேண்டும், நாள் முழுக்க அது ஓடுகிற சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிற மனிதர்கள் வேண்டும். ஊரில் நாலைந்து வீட்டில் கேட்டு ஏச்சு வாங்கிக்கொண்டு நேசையா கடையில் வந்து உட்கார்ந்தான். நேசையாதான் சாரம்மா வீட்டுக்கு வழி சொன்னார்.

அவள் வாசலிலேயே அவனை மடக்கிக் கால் கழுவச் சொல்லி, உள்ளே கூட்டிப்போய் இட்லி போட்டாள். மாடியைக் காட்டினாள். அவனுக்குத் திருப்தி. மின்சாரப் பிளக் படிக்கட்டு அறைச் சுவரில் இருந்தது. அந்த இடம் சாக்குத் திரைக்குப் பின்னால், சாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தது. சுற்றிலும் மறைப்பு இல்லாத இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அது அவனுக்கும் தெரியும். ஆனால் அவ்வளவு நீளத்துக்கு வயர் இல்லை, திறந்தவெளியில் வெயில் வேறு. ஒரு நாள்தானே, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று அங்கேயே வைத்தான். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

எந்திரம் ஒரு தகரப் பெட்டி. சின்னக் கோயில் விமானம் மாதிரி மேலே சரிந்த மூடி. காற்றை உறிஞ்சி ஒரு வெள்ளைத் தாள் வழியாக அனுப்பும், தாளில் ஒட்டிய தூசியை எடை பார்ப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் கொண்டுவந்து வைத்து, மறுநாள் எடுத்துப்போவார்கள். மூன்று மாதம் அப்படி நடக்கும் என்று பூதலிங்கம் சொன்னான்.

சாரம்மாவுக்கு எந்திரம் வருகிற நாள் என்றால் விருந்தாளி வருகிற நாள். பெரிய அதிகாரி வீட்டுக்கு வருகிறார் என்றால் நாம் என்ன செய்வோம்? ஒட்டடை அடிப்போம், மெழுகுவோம், தேய்ப்போம். வீடு இருக்கிறபடியே இருக்கட்டும், வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட எந்த வீட்டு மனுஷிக்கு மனசு வரும்? அவள் முந்தின நாளே மாடியைத் தேய்த்துக் கழுவுவாள். எந்திரம் வந்தபிறகு, மற்ற நாளில் மூன்று தடவை தெளிக்கிற தண்ணீரை ஐந்தாறு தடவை தெளிப்பாள். சாக்கு காயவே விடமாட்டாள். சூடு தாங்காமல் மோட்டார் கெட்டுவிடக்கூடாது என்று கொடியில் நனைந்த சேலைகளைச் சுற்றிலும் தொங்கவிட்டாள். முதல் நாள் பெட்டிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். பூதலிங்கம் சிரித்தான்.

நேசையா ஒரு நாள் டீ கொண்டுவந்து கொடுக்கும்போது மாடியைப் பார்த்துவிட்டு, "என்ன சாரம்மா, மிசினுக்கும் சேத்து அபிஷேகம் பண்ணுதியளா?" என்றார். அவளும் சிரித்துவிட்டு, "வந்த இடத்துல அது தூசியாயிறக் கூடாதுல்லா அண்ணாச்சி" என்றாள். சாரும் சிரித்தார். கணக்கு வாத்தியார், ஆயிரம் பிள்ளைகளுக்குத் தப்பைத் திருத்தியவர், தன் வீட்டு மாடியில் நடக்கிற தப்பைக் காணவில்லை. ஈரக் காற்றில் அன்றைக்கு அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது, அதுதான் காரணம்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தைக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மேடையில் மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி அம்மா ஒருவர் தலைமை. பக்கத்தில் ஆலைக்காரர்கள், அறிக்கை எழுதிய சென்னைக்காரர். முன்வரிசை நாற்காலிகளில் ஆலையில் வேலை பார்க்கிறவர்களை முதலிலேயே உட்கார்த்தி வைத்திருந்தார்கள். வேலை வேண்டும் என்று பேசினவனுக்குக் கைதட்டல், தூசி என்று பேசினவனுக்குக் கூச்சல். சார் தன் முறைக்காக ஒரு பக்கமாகச் சாய்ந்து மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார். பேர் கூப்பிட்டதும் எழுந்து, மைக்கைப் பிடித்தார். பேச்சு எழுதிக்கொண்டு வரவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை.

"நான் அதிகமாப் பேசல, பேசவும் முடியாது. எங்க வீட்டு மாடியிலதான் மிசினு வச்சு அளந்தாங்க. அது என்ன சொல்லுதுன்னு இந்தச் சபையில வாசிக்கச் சொல்லுங்க. எனக்கு அது போதும்" என்றார்.

சென்னைக்காரர் சந்தோஷமாக எழுந்தார். திரையில் படத்தைக் காட்டினார். சுற்று வட்டாரத்தில் எட்டு இடத்தில் அளந்திருக்கிறார்கள். நூறைத் தாண்டக் கூடாது என்பது விதி. மற்ற ஊர்களில் அறுபது, எழுபது. பாறையடி ஆசிரியர் வீட்டு மாடியில் நாற்பதுகூட இல்லை. "எல்லாவற்றிலும் தூய்மையான காற்று ஐயா வீட்டில்தான். ஆலைக்கு மிக அருகில் இருக்கும் வீடும் அதுதான். ஆலை நட்ட மரங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்கின்றன என்பதற்கு இதுவே சாட்சி" என்றார். முன்வரிசை கைதட்டி ஓய ரொம்ப நேரமாயிற்று.

 சார் மைக்கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். பின்வரிசையில் இருந்த பெண்கள் சாரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எந்திரத்தின் போட்டோ இருந்தது. பெட்டியின் நெற்றியில் குங்குமம், பின்னால் அவளுடைய பச்சைச் சேலை, கீழே தரையில் பளபளவென்று ஈரம். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்கள். அவள் அந்த மண்ணைக் கூட்டி, அள்ளி, கழுவிவிட்டல்லவா போட்டுக்கொண்டாள்!

வாழ்க்கையில் அதுவரை நாலு பேர் முன்னால் பேசியிராதவள் எழுந்து மேடைக்குப் போனாள். மைக் அவள் உயரத்துக்கு இல்லை. தலைமை அம்மா அதை இறக்கிக் கொடுத்தார்.

"நான்தான் தண்ணி தெளிச்சேன். மிசினு வார அன்னைக்கெல்லாம் மாடியைக் கழுவினேன். சுத்தி ஈரத்துணி கட்டினேன். வந்த இடம் தூசியா இருந்தா நல்லாவா இருக்கும்னு நெனச்சுச் செஞ்சேன், வேற ஒண்ணும் தெரியாது. அது ஊர்க் காத்து இல்லம்மா. இவரு மூச்சு விடணும்னு நான் கழுவி வச்ச காத்து."

மண்டபத்தில் சிரிப்பு வந்தது. சென்னைக்காரர் மரியாதையாகவே, ஒரு அம்மா தண்ணீர் தெளித்ததால் காற்று சுத்தமாகிவிடும் என்றால் நாடு முழுக்க அதையே செய்துவிடலாமே என்றார். சிரிப்பு இன்னும் கூடியது. தலைமை அம்மா மட்டும் சிரிக்கவில்லை. போட்டோவை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். பார்த்துவிட்டு, அந்த இடத்தில் மறுபடி அளக்கச் சொல்லி எழுதுகிறேன் என்றார். எப்போது என்று அவள் கேட்டாள். "அதைச் சொல்ல முடியாதும்மா. சொன்னா ஆலைக்காரங்க தூசியைக் குறைப்பாங்க, இல்லன்னா நீங்க தூசியை அதிகமாக்கிட்டீங்கன்னு சொல்லுவாங்க. திடீர்னுதான் வருவோம். அதுவரைக்கும் மாடி எல்லா வீட்டு மாடியையும் போல இருக்கட்டும்" என்றார். நியாயமான பேச்சு. அந்த நியாயம் அவர்கள் வீட்டுக்கு என்ன விலை கேட்கும் என்று அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் சார் சொன்னார். "சாக்கை அவுத்துரு, ராஜம்."

அவள் முடியாது என்றாள். சண்டை போட்டாள். அவருக்கு எதிராக அவள் குரல் உயர்ந்தது அந்த ஒரு நாள்தான். மகளும் வந்து அழுதாள், வண்ணார்பேட்டைக்கே வந்துவிடுங்கள் அப்பா என்றாள். அவர் அசையவில்லை. எங்கே போனாலும் இந்த நெஞ்சுதானே கூட வரும், ஆலை இன்னொன்று வந்துவிட்டால் எப்படியும் பிழைக்கப் போவதில்லை, இப்போது கொஞ்ச நாள் பொறுத்தால் அது வராமலே போகலாம் என்றார். கணக்கு அவர் பக்கம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் அவள் முடிச்சை அவிழ்த்தாள், அவர் சாக்கைச் சுருட்டினார்.

ஆனி பிறந்து மேல்காற்று கிளம்பிவிட்டது. அவர் படுக்கையைக் கீழே அறைக்குள் மாற்றினார்கள். அந்த ஓர் அறையை மட்டும் அவள் துடைத்தாள். மாடியையும் வாசலையும் தொடவில்லை. தூசி முதலில் பவுடர் பூசினது மாதிரி விழுந்தது, பிறகு மாவு மாதிரி, பிறகு கால் புதைகிற மாதிரி. விடிந்தால் கை தானாக வாரியலைத் தேடும். எடுத்து, மறுபடி மூலையில் வைப்பாள். தெருவில் போகிறவர்கள் அவள் வாசலைப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்தார்கள். காய்ந்த அந்த வாசலைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது என்று நேசையா கடையில் பேசிக்கொண்டார்கள். எந்திரம் வரவில்லை. பூதலிங்கத்துக்குப் போன் செய்தால், மேலே இருந்து தேதி வரவில்லையம்மா, எனக்கும் தெரியாது என்றான்.

அறையைத் துடைத்து என்ன செய்ய? வீடு முழுக்கப் பறக்கிற தூசிக்கு அறைக்கதவு தெரியுமா? சாருக்குப் பேச்சு குறைந்தது, பிறகு சோறு குறைந்தது. பாளையங்கோட்டையில் கொண்டுபோய்ச் சேர்த்து, மூக்கில் குழாய் வைத்து, கொஞ்சம் தேறியதும் திரும்பி வந்தார்கள். திரும்பி வந்த அன்று சாயங்காலம் அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து மாடிக்கு ஏறினார். அவள் பின்னாலேயே போனாள். மாடி முழுக்கச் சாம்பல் விரித்தது போல் கிடந்தது. அவர் நாலு எட்டு உள்ளே நடந்துபோய்ச் சுற்றிப் பார்த்தார். அவர் பாதம் ஒவ்வொன்றும் விரலோடு அச்சாகப் பதிந்தது.

அவளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கீழே ஓடி, வாளியில் தண்ணீரும் வாரியலுமாக ஏறி வந்தாள். ஆலை வந்தால் வரட்டும், எனக்கு நீங்கதான் வேணும் என்று சொல்லி அழுதாள். அவர் படிக்கட்டு வாசலில் கையை நீட்டி மறித்து நின்றார். மூச்சு வந்து சேர்ந்ததும் சொன்னார்.

"இவ்வளவு தூசி தின்னாச்சு, ராஜம். அதை வீணாக்கிராத."

அந்த வாரமே ஒரு மத்தியானம், கஞ்சியை ஆற்றிக்கொண்டு அவள் அறைக்குள் போனபோது அவர் தலையணையில் சாய்ந்தபடியே அடங்கிப்போயிருந்தார். கையில் பம்பு இருந்தது.

துட்டி கேட்க ஊர் கூடிவிட்டது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து அவரிடம் படித்த பிள்ளைகள் வந்தார்கள். ஆலையில் வேலை பார்க்கிறவர்களும் வந்து தலைகுனிந்து நின்றார்கள், அவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். சாரின் தம்பி மகன் கொள்ளிச்சட்டி எடுக்க, சங்கு ஊதி, ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். பாடைத் தேர் தெரு முக்கைத் திரும்பியதும் பெண்கள் சேலையை இழுத்துச் செருகினார்கள். உடல் வெளியே போனதும் வீட்டைக் கழுவிவிட வேண்டும், அது முறை. கழுவாமல் அந்த வீட்டில் விளக்கு ஏற்றமாட்டார்கள். கூடம், அறை, வாசல் எல்லாம் தண்ணீராக ஓடியது. நாத்தனாரும் இன்னும் இரண்டு பேரும் குடத்தோடு மாடிப்படியில் கால் வைத்தார்கள்.

மூலையில் சுருண்டு கிடந்த சாரம்மா எழுந்து ஓடிவந்து படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். மாடிக்குத் தண்ணீர் போகக்கூடாது என்றாள். நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. தீட்டு வீடு மைனி, கழுவாமல் விடலாமா, அதுவும் நீங்க சொல்லலாமா என்று கெஞ்சினாள். ஒருத்தி, புத்தி பேதலித்துவிட்டது, பிடித்து இழுங்கள் என்றாள். அவள் இரண்டு பக்கச் சுவரையும் பிடித்துக்கொண்டாள். விருந்தாளி வீட்டுக்கு வந்தால் சாக்கடை மூடியைக்கூடத் துலக்குகிறவள், புருஷன் செத்த வீட்டைக் கழுவவிடாமல் படியில் கிடந்தாள். வாசலில் நின்ற நேசையாவுக்கு மட்டும் விளங்கியது. அவர் உள்ளே வந்து, "விட்டுருங்கம்மா. சார் சொன்னது" என்றார்.  குடங்களைக் கீழே இறக்கினார்கள்.

கருமாதிக்கு முன்னாலேயே எந்திரம் வந்தது. பூதலிங்கத்தோடு மாசு வாரியத்து ஆட்கள் இரண்டு பேர். துக்க வீடு என்று தெரிந்ததும் தயங்கினார்கள். அவளே எழுந்து, வாங்க என்று மாடிக்குக் கூட்டிப்போனாள். இட்லி போடவில்லை, குங்குமம் வைக்கவில்லை. இந்த முறை நீளமான வயர் கொண்டுவந்திருந்தார்கள். எந்திரத்தைத் திறந்தவெளியில் வைக்கப் போனபோது பூதலிங்கம் தரையில் அந்தப் பாத அச்சுகளைப் பார்த்தான்.  பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவற்றைச் சுற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் தாளை எடுத்தபோது அது வெள்ளையாக இல்லை. எருமைத் தோல் நிறத்தில் இருந்தது. சொல்லக்கூடாதுதான், இருந்தாலும் சொல்லுகிறேன், நூறைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும் அம்மா என்று பூதலிங்கம் இறங்கும்போது சொன்னான். அவன் சொன்னது சரிதான். அளவு நூற்று எண்பதுக்குப் பக்கம் வந்தது. அவள் சாரின் படத்துக்கு முன்னால் போய் நின்று அதைச் சொன்னாள். ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல வாய் வரவில்லை, எண்ணை மட்டும் சொன்னாள்.

ஆலைக்காரர்கள் மறுப்பு எழுதினார்கள். அளந்த நாளை ஒட்டி அந்த வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது, நூற்றுக்கணக்கான பேர் கூடியிருக்கிறார்கள், நெருப்பும் ஊதுபத்தியும் புகைந்திருக்கின்றன, பெருந்திரளின் கால்தூசி கிளம்பியிருக்கிறது, ஆகவே இது ஊரின் வழக்கமான காற்று அல்ல என்று எழுதினார்கள். யாரால் அந்தச் சாவு என்று அதில் எழுதவில்லை. மேலே அதை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது அளவைத் தள்ளிவைத்து, சரியான சமயத்தில் மூன்றாவதாக ஒருமுறை அளக்க வேண்டும், அதுவரை முதல் அளவே கணக்கில் நிற்கும் என்று பதில் வந்தது. நாற்பதுகூட இல்லாத அந்த அளவு, அவள் குடம் குடமாகச் சுமந்த அளவு. அதை வைத்து அனுமதியின் முதல் படி கிடைத்துவிட்டது. ஊரை ஒட்டிய பொட்டலில் இப்போது குழி தோண்டுகிறார்கள். அந்த மண்ணும் சேர்ந்து பறக்கிறது.

வருஷ திதிக்கு மகள் வந்திருந்தாள். தாயின் வீட்டைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. சாரம்மாவும் இருமத் தொடங்கியிருந்தாள். சித்ரலேகா இரண்டு வாளித் தண்ணீரை நிறைத்து, வாரியலை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். இனி யாருக்காக அம்மா இது, அப்பாதான் போய்விட்டாரே, இப்போதாவது கழுவிவிடுகிறேன் என்றாள்.

மாடியில் பழைய அச்சு எதுவும் மிச்சமில்லை, மேலே மேலே விழுந்த தூசி எப்போதோ மூடிவிட்டது. சாரம்மா மூச்சு வாங்க ஏறி வந்து, மகள் கையிலிருந்த வாரியலை வாங்கிச் சுவரோரம் சாத்தினாள்.

"வச்சிரு, சித்ரா. அவங்க இன்னும் வரல."